அறுபத்துநான்கு வயது மீன்

நீக்கிலாப்பிள்ளைக்கு மீனைப் பற்றித் தெரியாது என்று ஸ்காபரோவில் இதுவரை எவரும் சொன்னதில்லை. சொல்ல அவர் விட்டதுமில்லை. பேசாலையில் பிறந்தவர். கனடாவுக்கு வந்து முப்பத்தொரு வருடம் பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுசில் வேலை செய்து ஓய்வுபெற்றவர் என்றாலும், தான் கரைக்கு வந்துவிட்டதாக அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. மீன்கடைக்குள் போனால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வார்ட்டைச் சுற்றிப் பார்க்கும் பெரிய டொக்டர் மாதிரி, ஐஸ்மேல் கிடக்கும் மீன்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடப்பார். ஒன்றின் செவுளைத் தூக்குவார். இன்னொன்றின் கண்ணை அமத்துவார். "உது செத்து நாலு நாள்" என்பார். பக்கத்தில் நிற்கிற சனம் கையில் எடுத்த மீனைத் திருப்பி வைத்துவிடும். அவரைக் கண்டால் கடைக்காரர்கள் தேத்தண்ணி ஒன்றைக் கொடுத்து ஒரு மூலையில் இருத்திவிடத்தான் பார்ப்பார்கள்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மருமகள் செரீனா. தங்கையின் மகள். முப்பத்துமூன்று வயது. டவுன்ரவுனில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. வளர்ப்புச் சல்மனுக்குத் தீனியில் கொடுக்கிற எண்ணெயில் எவ்வளவு அதன் உடம்பில் சேருகிறது, எவ்வளவு சேராமல் பின்னால் போகிறது என்று அளப்பதுதான் அந்த வேலை. கிழக்குக் கரையிலிருக்கும் பண்ணையில் மீனை மயக்கி, வயிற்றை மெதுவாகத் தடவி, அது விடுகிறதைச் சிறு குப்பிகளில் பிடித்து, உறையவைத்து அனுப்புவார்கள். செரீனா அதைக் காயவைத்து, பொடியாக்கி, அதிலுள்ள கொழுப்பைப் பிரித்தெடுப்பாள்.

மாமா அதை ஒரே சொல்லில் சொல்லுவார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் சாப்பிட வந்தால், கோப்பையில் சோறு விழமுதலே கேட்பார்.

"என்ன பிள்ளை, இந்தக் கிழமை எத்தினை கிலோ மீன்பீ வந்தது?"

"நூற்றியிருபது குப்பி, மாமா."

"உதுக்கோ உன்ரை அம்மா உன்னைப் பத்து வருசம் படிப்பிச்சவள்?"

செரீனா கோபிக்கமாட்டாள். அவருடைய பொரியலில் நல்ல நடுத்துண்டாகப் பார்த்து எடுத்துப் போட்டுக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொல்லுவாள். "சின்ன மீனைப் பிடிச்சு எண்ணெய் எடுத்துத்தான் சல்மனுக்குக் குடுக்கிறது. உலகம் முழுக்கச் சல்மன் கேக்குது. அவ்வளவு சின்ன மீனுக்கு எங்கை போறது? அதுதான் கடலிலை வேறை என்ன எண்ணெய் இருக்கெண்டு பாக்கினம். பாசியிலை இருந்து எடுக்கிறது ஒண்டு. வடகடலிலை அரிசிமணி அளவிலை, கூனி இறால் மாதிரி ஒரு சிவப்புச் சீவன் இருக்கு. அதின்ரை எண்ணெய் இன்னொண்டு. ஆனால் அது சாதாரண எண்ணெய் இல்லை, மெழுகு மாதிரி. அதைச் சல்மன் சமிச்சு உடம்பிலை சேக்குதோ எண்டுதான் நான் பாக்கிறன்."

"மெழுகோ?" நீக்கிலாப்பிள்ளை மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "ஜோசப்பின், கேட்டியோ? மீனுக்கு மெழுகுதிரி தீத்திப்போட்டுப் பின்பக்கம் குப்பியோடை நிக்கினமாம்."

ஜோசப்பின் சிரிக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. அவள் அப்படித்தான்.

தவக்காலத்தின் மூன்றாம் வெள்ளிக்கிழமை நீக்கிலாப்பிள்ளையின் வீட்டுக்கு முக்கியமான விருந்தாளிகள் வருவதாக இருந்தது. அவருடைய மகன் றமேசுக்கும் அஜக்சில் இருக்கும் ஜூலி என்ற பிள்ளைக்கும் விருப்பம். ஜூலியின் தகப்பன் பஸ்ரியனும் தாய் கிளடிசும் வந்து, உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு ஒரு நாளில் நிச்சயதார்த்தத்தை வைப்பதென்று பேசி முடிக்கவேண்டும். பெரியவர்கள் மட்டும் கதைப்பது என்பதால் பிள்ளைகள் இரண்டுபேரையும் வரவேண்டாம் என்று சொல்லியாயிற்று. தவக்கால வெள்ளி, இறைச்சி இல்லை. ஆகவே மீன். பஸ்ரியன் ஊர்காவற்றுறை ஆள், அவருக்கும் மீனைப் பற்றி அபிப்பிராயங்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருந்ததால் நீக்கிலாப்பிள்ளை காலை ஒன்பது மணிக்கே கடைக்குப் போய்விட்டார்.

அன்றைக்குப் பார்த்து ஐஸ்மேல் உருப்படியாக ஒன்றும் இல்லை. விளைமீன் கண் கலங்கிக் கிடந்தது. பாரையைத் தொடவே மனம் வரவில்லை. உறைபெட்டியில்தான் அதைக் கண்டார். பால்போல வெள்ளையாக, முள்ளில்லாமல், விரல் நீளத்துக்குக் கொழுப்பு மினுங்கும் பெரிய பெரிய துண்டுகள். துண்டுகளை அடைத்திருந்த மட்டைப்பெட்டியில் எழுதியிருந்த பெயரை அவர் வாழ்க்கையில் கேள்விப்பட்டதில்லை.

"உது என்ன மீன்?" என்று ஒரு கேள்வி தொண்டைவரை வந்தது. கடைக்காரப் பெடியன் அபிஷன் பக்கத்தில் வந்து நின்று, "அங்கிள், உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை" என்று சிரித்தான். வந்த கேள்வி திரும்பி வயிற்றுக்குள் போய்விட்டது. "ஆழ்கடல் அறக்குளா" என்று நீக்கிலாப்பிள்ளை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவனும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.

மீனைக் குற்றம் சொல்ல ஏலாது. பொரித்தபோது சட்டியில் விட்ட எண்ணெயைவிட அதிலிருந்து கழன்ற எண்ணெய் கூட. வாயில் வைத்தால் வெண்ணெய்போலக் கரைந்தது. குழம்பும் பொரியலும் வைத்தாள் ஜோசப்பின். பெண்கள் இருவரும் ஆளுக்கொரு சின்னத் துண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். ஜோசப்பின் தவக்காலம் முழுக்க இரவில் அரைவயிறுதான். கிளடிசுக்கு ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது.

ஆண்கள் நிறுத்தவில்லை.

"நல்ல மீன் அண்ணை" என்றார் பஸ்ரியன், இரண்டாவது துண்டில். உருண்டையான, மரியாதையான மனிதர். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். "கட்டாவோ?"

"கட்டாவோ?" நீக்கிலாப்பிள்ளை சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார். "இது ஆழ்கடல் அறக்குளா, பஸ்ரியன்."

"அறக்குளாவிலை இவ்வளவு நெய் இராது அண்ணை."

"ஆழத்திலை குளிர். குளிருக்கு நெய் வைக்கும். நீர் இன்னொரு துண்டு போட்டுச் சாப்பிட்டுப் பாரும், தசை என்னெண்டு போகுதெண்டு."

பஸ்ரியன் சாப்பிட்டுப் பார்த்தார். தசை கட்டாவைப் போலத்தான் போகிறது என்றார். அவர் பிழையான இடத்துத் துண்டை எடுத்துவிட்டார் என்று நீக்கிலாப்பிள்ளை வேறு இடத்துத் துண்டைப் போட்டார், தானும் ஒன்றை எடுத்துக்கொண்டார். குழம்பில் கிடந்தால் வித்தியாசம் தெரியும் என்று குழம்புக்குப் போனார்கள். ஆளுக்கு எட்டுத் துண்டு முடிந்தபோதும் வழக்கு முடியவில்லை. ஆனால் அதற்குள் இரண்டுபேருக்கும் ஒருவரையொருவர் நன்றாகப் பிடித்துப்போயிற்று. மே மாதம் நிச்சயதார்த்தம், திகதியைத் திங்களுக்குள் முடிவு செய்வோம் என்று கைகொடுத்துப் பிரிந்தார்கள்.

சனிக்கிழமை காலை மார்க்கம் நகரில் ஒரு கடையில் ஜோசப்பின் திரைச்சீலைத் துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீக்கிலாப்பிள்ளை கடையின் தள்ளுவண்டிலைப் பிடித்தபடி நின்றார். வயிற்றில் குத்தில்லை, உளைவில்லை, ஒரு சத்தம்கூட இல்லை. இருந்தாற்போல ஏதோ இளஞ்சூடாக உணர்ந்தார். சந்தேகப்பட்டுக் கழிப்பறைக்குப் போனவர் குனிந்து பார்த்து, அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டார். தண்ணீரின்மேல் செம்மஞ்சள் எண்ணெய், மீன்குழம்பில் மிதப்பதுபோல வட்டம் வட்டமாக மிதந்தது.

அவர் வெளியே வந்தபோது ஜோசப்பின், "என்ன, முகம் வெளிறிக் கிடக்கு?" என்று கேட்டாள்.

"கடை வெக்கை" என்றார். காருக்குள் ஏறமுதல் கடைத் துண்டுப்பிரசுரம் ஒன்றை விரித்து அதன்மேல் இருந்தார்.

அன்று பின்னேரத்துக்குள் அது ஆறு தரம் நடந்தது. அதில் இரண்டு தரம் அவருடைய அனுமதி கேட்கப்படவேயில்லை. ஈரல் உருகுகிறது என்ற முடிவுக்கு வந்தார். ஈரல் உருகினால் நிறம் இப்படித்தான் இருக்கும் என்று அவருக்கே தோன்றியது, வேறு எவரும் சொல்லவில்லை. குடும்ப டொக்டரிடம் போகலாம். ஆனால் அங்கே வரவேற்பு மேசையில் இருக்கும் துர்க்கா இவர்களுடைய வீதிக்காரி. என்ன வருத்தம் என்று முதலில் அவளிடம் சொல்லவேண்டும். அதைவிட ஈரல் உருகிச் சாவது மேல்.

ஞாயிற்றுக்கிழமை கறுப்புக் காற்சட்டை, உள்ளே இரண்டு அடுக்கு உடுப்பு, அதற்குமேல் சாமான் வாங்கிய பிளாஸ்ரிக் பை ஒன்று என்று ஏற்பாடுகளோடு தமிழ்ப் பூசைக்குப் போனார். பை ஒரு பெரிய தொல்லையாகப் போயிற்று. முழந்தாளிடும்போதெல்லாம் சரசரத்தது. முன்வாங்கில் இருந்த பிள்ளை ஒன்று இனிப்பு எடுக்கிறாரோ என்று ஆசையோடு இரண்டுதரம் திரும்பிப் பார்த்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, தான் போனபின் றமேசையும் ஜோசப்பினையும் ஆர் பார்ப்பார் என்று யோசித்தார். கண் திறந்தபோது கோவிலின் கடைசிச் சுவரோரம் பஸ்ரியன் நிற்பதைக் கண்டார். இடம் வெறுமையாகக் கிடந்தும் அந்த மனிதர் பூசை முழுவதும் இருக்கவேயில்லை. பிரசங்கத்துக்கும் நின்றார். தவக்காலத்தை இப்படிக் கடைப்பிடிக்கிற குடும்பத்தில் பெண் எடுக்கிறோம் என்று நீக்கிலாப்பிள்ளை நன்றியோடு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் தீர்மானித்தார். சாகப்போகிறவன் சம்பந்தம் பேசக்கூடாது. நிச்சயதார்த்தத்தைத் தள்ளிவைக்கவேண்டும். பஸ்ரியனுக்குச் சொல்ல போனைக் கையில் எடுத்தார். எடுத்த கையிலேயே அது அடித்தது.

"அண்ணை, நான் பஸ்ரியன். குறை நினைக்கக்கூடாது. நாங்கள் இந்த விசயத்தைக் கொஞ்சம் தள்ளிவைப்பம்."

நீக்கிலாப்பிள்ளை சொல்ல இருந்த அதே வசனம். ஆனால் அதை மற்றவன் வாயால் கேட்டதும் அவருக்குக் கொதி ஏறிவிட்டது.

"ஏன் தள்ளிவைக்கிறது? என்ரை பெடியனிலை என்ன குறை கண்டனீர்?"

"குறை ஒண்டும் இல்லை அண்ணை. ஒரு சின்ன... சொந்தப் பிரச்சினை."

"எங்கடை வீட்டிலை வந்து எட்டுத் துண்டு மீன் சாப்பிடேக்கை உந்தப் பிரச்சினை இருக்கேல்லையோ?"

பஸ்ரியன், "நான் பிறகு எடுக்கிறன், அவசரமாப் போகவேணும்" என்று வைத்துவிட்டார். எங்கே போகவேண்டும் என்று நீக்கிலாப்பிள்ளை யோசிக்கவில்லை. ஏனென்றால் அவரும் அதே அவசரத்தில் எழும்பவேண்டி வந்தது.

பின்னேரம் செரீனா வந்தாள். ஜோசப்பின் குசினிக்குள் இருந்தாள். நீக்கிலாப்பிள்ளை கதிரையில் மடித்த துவாய் ஒன்றின்மேல் இருந்தார். நெடுநேரம் காலநிலையைப் பற்றிக் கதைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, உன்ரை மீனுகளிலை ஒண்டு இருக்கெண்டு வையன்."

"ஓம் மாமா."

"நல்ல சுகமான மீன். ஒருநாளும் வருத்தமெண்டு படுக்காத மீன். திடீரெண்டு அதுக்கு எண்ணெய் போகுது."

"எதாலை போகுது?"

நீக்கிலாப்பிள்ளை ஜன்னலைப் பார்த்தார். "போற பக்கத்தாலைதான்."

செரீனா கைப்பையிலிருந்து ஒரு கொப்பியையும் பேனையையும் எடுத்தாள். "நிறம்?"

"தோடம்பழ நிறம்."

"மீனுக்கு வயித்துக்குத்து, சத்தியெடுக்கிறது ஏதும்?"

"ஒண்டும் இல்லை. சில நேரம் மீனுக்கே தெரியாது. தன்ரைபாட்டிலை வந்திடும்."

"மீனுக்கு வெக்கமா இருக்குமே."

"வெக்கமோ? மீன் கோவிலுக்குப் போக ஏலாமல் கிடக்கு."

செரீனா தலையைக் குனிந்து எழுதினாள். தோள் மட்டும் கொஞ்சம் அசைந்தது. "மீனுக்கு எத்தினை வயது?"

"அறுபத்துநாலு." சொன்ன பிறகுதான் வாயை மூடினார்.

"பண்ணையிலை வளந்த மீனோ, கடல் மீனோ?"

"கடல் மீன்" என்றார் அவர், இனி ஒளித்துப் பயனில்லை என்று தெரிந்தும் மரியாதையை விடாமல். "பேசாலைப் பக்கம்."

"வெள்ளிக்கிழமை அந்த மீனுக்கு என்ன தீன் போட்டது?"

"அறக்குளா."

"நிச்சயமா அறக்குளாதானோ?"

நீக்கிலாப்பிள்ளை துவாயின் மடிப்பைச் சரிசெய்தார். செரீனா எழுந்து போய், கழிவு மட்டைகள் போடும் நீலப் பெட்டியைக் கிளறி மீன் வந்த பெட்டியைக் கொண்டுவந்தாள். அவர் கேள்விப்பட்டிராத பெயருக்குக் கீழே எறும்பளவு எழுத்தில் இன்னொரு பெயர் இருந்தது. அவள் அதை வாசித்துவிட்டுக் கொப்பியை மூடினாள்.

"ஈரலுக்கு ஒண்டும் இல்லை மாமா. இது ஒரு ஆழ்கடல் மீன். இதின்ரை கொழுப்பு எண்ணெய் இல்லை, முக்கால்வாசி மெழுகு. எங்கடை குடல் மெழுகை உடைக்காது. உள்ளை போனபடியே வெளியிலை வரும். ஒரு துண்டு எண்டால் தெரியாது. எத்தினை சாப்பிட்டீங்கள்?"

"எட்டு."

"எட்டோ?" அவள் முதல்முறையாக உண்மையாகவே திகைத்தாள். "நல்லாத் தண்ணி குடியுங்கோ. நாளைக்கு, நாளையிண்டைக்கு நிண்டிடும். குத்து, காய்ச்சல் வந்தா மட்டும் டொக்டரிட்டைப் போவம்."

இரண்டு நாளாக நெஞ்சில் கிடந்த கல் உருண்டு விழுந்தது. நீக்கிலாப்பிள்ளை பெருமூச்சு விட்டார். விட்ட மூச்சு பாதியில் நின்றது. பூசை முழுக்கச் சுவரோரம் நின்ற மனிதர் ஞாபகத்துக்கு வந்தார்.

"பஸ்ரியனும் எட்டுத் துண்டு" என்றார்.

"அப்ப அவருக்குச் சொல்லவேணும்."

"நாளைக்கோ நாளையிண்டைக்கோ தானா நிக்கும்தானே?"

"ஓம், நிக்கும்" என்றாள் செரீனா. "நான் ஆருக்கும் சொல்லமாட்டன். அது உங்கடை மீன்."

அவருக்குக் கணக்குப் பிழையாமல் தெரிந்தது. சொல்லாவிட்டால் பஸ்ரியனுக்கு எப்படியும் சுகம் வரும், அறக்குளா அறக்குளாவாகவே இருக்கும். சொன்னால், பேசாலை நீக்கிலாப்பிள்ளை பெயர் தெரியாத மீனை வாங்கிச் சம்பந்திக்குத் தீத்தினார் என்று அஜக்ஸ் முதல் மார்க்கம் வரைக்கும் சிரிப்பார்கள். சொல்லாமல் விடுவதென்றே படுக்கைக்குப் போனார். ஆனால் விடிந்து எழும்பியதும் அந்த உருண்டையான மனிதர் எங்கேயோ ஒரு குளியலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு தன் பெண்சாதி பிள்ளையை நினைத்து நிற்பது கண்ணுக்குள் வந்தது. தான் நின்ற அதே மாதிரி. தேத்தண்ணி இறங்கவில்லை. செரீனாவுக்கு போன் எடுத்து, "வேலை முடிய வா, அஜக்சுக்குப் போகவேணும்" என்றார்.

நானூற்றியொன்று நெடுஞ்சாலையில் வழக்கமான நெரிசல். பஸ்ரியன் கதவைத் திறந்தார், மூன்று நாளில் கன்னம் வற்றியிருந்தது. அன்று பஸ் ஓட்டப் போகவில்லை என்றார். கிளடிசைத் தேத்தண்ணி போட அனுப்பிவிட்டு, தான் நின்றுகொண்டே இவர்களை இருக்கச் சொன்னார்.

"அண்ணை, நேற்று நான் கதைச்சது பிழை. உங்களிட்டை மறைக்கக்கூடாது." பஸ்ரியன் குசினிப் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டார். "எனக்கு ஒரு வருத்தம். வெளியிலை சொல்லக்கூடிய வருத்தமில்லை. கனநாள் இருக்கமாட்டன் எண்டு நினைக்கிறன். இப்பிடி இருக்கிற வீட்டிலை நீங்கள் சம்பந்தம்..."

"தோடம்பழ நிறமோ?" என்று கேட்டார் நீக்கிலாப்பிள்ளை.

பஸ்ரியன் வாயைத் திறந்தபடி நின்றார்.

"எனக்கும்தான். அது வருத்தமில்லை, பஸ்ரியன். நான் வாங்கின மீன்." அடுத்த வசனத்தைச் சொல்ல அவருக்கு அறுபத்துநாலு வருடப் பழக்கத்தை உடைக்கவேண்டியிருந்தது. "அது என்ன மீனெண்டு எனக்குத் தெரியாது. கடையிலை கேக்க வெக்கப்பட்டு அறக்குளா எண்டிட்டன்."

பஸ்ரியன் மெல்ல மெல்லச் செற்றிக் கதிரையின் விளிம்பில் இருந்தார். இருந்து, கண்ணைத் துடைத்தார். பிறகு, "எனக்கும் தெரியாது அண்ணை" என்றார். "கட்டாவும் இல்லையெண்டு முதல் துண்டிலையே தெரியும். நீங்கள் அறக்குளா எண்டு அவ்வளவு உறுதியாச் சொல்லேக்கை நானும் ஏதாவது சொல்லவேணுமெல்லோ."

இரண்டுபேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் பஸ்ரியனின் வயிறு குலுங்கத் தொடங்கியது. நீக்கிலாப்பிள்ளை, "பாத்து, பாத்து, பலமாச் சிரியாதையும்" என்று எச்சரித்தார். அதற்குப் பிறகு அடக்கமுடியவில்லை.

சிரித்து ஓய்ந்தபின் செரீனா மெழுகின் கதையைச் சொன்னாள். சாகவில்லை என்று தெரிந்த மனிதருக்கு எல்லாவற்றிலும் ஆர்வம் வந்துவிடும். "அப்ப உந்தச் சல்மன் மட்டும் எப்பிடி மெழுகைச் சமிக்குது, பிள்ளை?" என்று பஸ்ரியன் கேட்டார்.

"அதுக்கும் லேசில்லை அங்கிள். பித்தத்தைக் கூடச் சுரக்குது. தீனைக் குடலிலை கனநேரம் வைச்சு, ஆறுதலா உடைச்சு எடுக்குது. அளவோடை குடுத்தா அனேகமா முழுக்கச் சேத்திடும். அளவுக்கு மிஞ்சினா அதுக்கும் கொஞ்சம் பின்னாலை போகும்."

"போறது எவ்வளவெண்டு என்னெண்டு கண்டுபிடிக்கிறது?" இதைக் கேட்டது நீக்கிலாப்பிள்ளை.

"தீனிலை ஒரு வெள்ளைத் தூள் துளியளவு கலப்பம். அது சமிக்கவே சமிக்காது, போட்டது அப்பிடியே வரும். தூளுக்கு இவ்வளவு எண்ணெய் எண்டு தீனிலை ஒருக்கால் அளந்து, வெளியிலை வந்ததிலை ஒருக்கால் அளந்தா, மிச்சம் மீனுக்குள்ளை நிண்டது."

நீக்கிலாப்பிள்ளை கன்னத்தில் கைவைத்து யோசித்தார். "கெட்டித்தனம்தான்" என்றார். ஆய்வுகூடத்தைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. குப்பிகளை எந்தக் குளிரில் வைப்பது, ஒரு மீனிலிருந்து எவ்வளவு கிடைக்கும் என்று இரண்டுபேரும் மாறிமாறிக் கேட்கத் தொடங்கினார்கள். கிளடிஸ் தட்டத்தோடு வந்து நின்றது தெரியவில்லை.

"கதைச்சு முடிஞ்சுதோ?" என்று அவள் கேட்டாள். "முடிஞ்சா ஒரு விசயம். மே மாதம் ரெண்டாம் சனி. மண்டபம் எடுத்தாச்சு."

"ஆரைக் கேட்டு எடுத்தனீ?" என்றார் பஸ்ரியன்.

"ஜோசப்பின் அக்காவைக் கேட்டு." கிளடிஸ் தேத்தண்ணியை ஆளாளுக்கு நீட்டினாள். "மூண்டு நாளா உங்கடை காற்சட்டையைத் தோய்க்கிறது ஆர்? நேற்று நீங்கள் போனிலை சண்டை பிடிச்ச கையோடை நான் அக்காவுக்கு எடுத்தன். இஞ்சை என்ன நிறமோ அங்கையும் அதே நிறம். அக்கா உடனை பெட்டியிலை கிடந்த பேரை இந்தப் பிள்ளைக்குப் போனிலை வாசிச்சா. பிள்ளை அஞ்சு நிமிசத்திலை என்ன மீனெண்டு சொல்லிப்போட்டுது. இண்டைக்குக் காலமை மண்டபத்துக்கு அடிச்சம்."

நீக்கிலாப்பிள்ளை மெதுவாகச் செரீனாவின் பக்கம் திரும்பினார். "அப்ப நேற்று வீட்டுக்கு வரேக்கையே உனக்குத் தெரியும்."

"ஓம் மாமா."

"பிறகேன் அவ்வளவு கேள்வி?"

"நீங்கள்தானே மீனெண்டு கதையைத் தொடங்கினீங்கள்" என்றாள் செரீனா. "நடுவிலை உங்கடை சொல்லை மறிக்கிறது மரியாதை இல்லை."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பஸ்ரியன் மறுபடி குலுங்கத் தொடங்கியதால் விட்டுவிட்டார்.

மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை நிச்சயதார்த்தம் நல்லபடி நடந்தது. றமேசுக்கும் ஜூலிக்கும் நடந்தது எதுவும் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உடைந்துபோன சம்பந்தம் அடுத்தநாள் இரவுச் சாப்பாட்டுக்கு முன் எப்படி ஒட்டியது என்று அவர்கள் இன்றும் ஆளையாள் கேட்டுக்கொள்கிறார்கள். தகப்பன்மாரைக் கேட்டால் இரண்டுபேரும் தவக்காலத்து அருள் என்கிறார்கள். தாய்மாரைக் கேட்டால் அவர்கள் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.